பூக்காத மெழுகு

"தங்கள் தம்பியின் மெழுகு மாடத்தில்தான் இருக்கிறது. இதுவரை பூக்கவில்லை. தாங்கள் வந்தால் பார்க்கலாம்."

ராயபுரத்திலிருந்து பினாங்குக்கு வந்த கடிதத்தில் இந்த மூன்று வரிகளே இருந்தன. எழுதியவர் ஒரு கித்தான் கொட்டகையின் மேஸ்திரி. என் தம்பி தணிகாசலம், போர் எங்கள் தீவை எட்டுவதற்கு முந்திய மாதங்களில், கப்பல்களுக்குக் கித்தான் என்னும் முரட்டுத் துணி தைக்கும் தொழிலைப் பழகிக்கொண்டு ஒரே வருடத்தில் திரும்புவதாகச் சொல்லி அங்கே போய்ச் சேர்ந்தவன். பிறகு ஜப்பானியர் வந்தனர், தபால் நின்றது. போர் முடிந்தபின் அவன் தங்கியிருந்த முகவரிக்கு எழுதிய கடிதங்களெல்லாம் பிரிக்கப்படாமல் திரும்பின. கடைசியில் கொட்டகைக்கே எழுதிக் கேட்டேன். உயிரோடிருக்கிறானா என்ற கேள்விக்கு, மெழுகு பூக்கவில்லை என்று பதில் வந்தது.

அவன் புறப்பட்டபோது கல்யாணமாகி ஆறு மாதம். அவன் மனைவி மரகதத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் எங்கள் வீட்டிலேயே இருந்து, தையல் இயந்திரத்தில் தலையணை உறை தைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகளைக் கழித்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் கையில் பூச்சரத்தோடு என் எதிரில் வந்து நிற்பாள். "அண்ணி, வெச்சுக்கட்டுமா?" என்பாள். "வெச்சுக்கோம்மா" என்பேன். வேறு எதுவும் அவள் என்னைக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான விடை ஒன்றைக் கொண்டுவரத்தான் ஐம்பதாம் ஆண்டு தை மாதம் நான் கப்பலேறினேன். நான் பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்தில் ஒரு மாத விடுப்புக் கிடைத்தது.

சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே கைரிக்‌ஷாக்காரர் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இன்னாம்மா உள்ள, கல்லா?" என்றார். புத்தகங்கள் என்றேன். "படிச்சவங்க பொட்டின்னாலே என் இடுப்பு போயிடும்" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். ராயபுரம் போகும் வழியில் வண்டிச் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது. பின்னால் டிராம் மணியடித்தபடி நின்றது. அதிலிருந்த ஆண்கள் நான்கு பேர் இறங்கி, என்னோடும் பெட்டியோடும் வண்டியை அலாக்காகத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறிக்கொண்டனர். பினாங்கில் இப்படி நடந்திருந்தால் முதலில் கூட்டம் கூடியிருக்கும். பிறகு யாராவது ஆலோசனை சொல்லியிருப்பார்கள்.

நான் தங்கியது துறைமுக மதிலுக்குப் பின்புறத்துச் சந்தில், பாப்பம்மா என்பவரின் வீட்டு மாடியறையில். மீன் விற்றுச் சேர்த்த பணத்தில் வீடு கட்டியவர். இரவுக்கு ஆப்பமும் சுறாப்புட்டும் வந்தன. எங்கள் ஊரில் மீனுக்குப் புளியையும் செம்பரத்தை நிறத்து மிளகாயையும் போட்டுக் கொதிக்க விடுவோம். இவரோ மீனை உதிர்த்து, பூண்டோடு வதக்கி, அதில் மீன் என்ற நினைவே எழாதபடி செய்திருந்தார். நாற்பது வயது வரை நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். படித்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்றேன். இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்.

சாப்பிட்டபின் தேன்மெழுகையும் நல்லெண்ணெயையும் ஒரு கரண்டியில் உருக்கி, குதிகால் வெடிப்பில் தடவிக்கொண்டே, வந்த வேலையை விசாரித்தார். கொட்டகையின் பெயரைச் சொன்னதும் அவர் விரல் நின்றது.

"அந்தக் கொட்டாயா? அங்க ஒரு ஆளு இல்லாமயே வேலைக்கு வந்துகினு கீறாருன்னு சொல்வாங்க, டீச்சரம்மா."

 கரண்டியில் மெழுகு உறைந்து மங்கலாகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரை; உத்தரத்திலிருந்து பாயளவும் அதற்கு மேலும் கித்தான்கள் தொங்கின. காற்றே இல்லை. ஆனாலும் அவை உள்வாங்கி வெளிவிட்டுக்கொண்டிருந்தன, தூங்குகிறவரின் மார்பைப்போல. நடுவில் நான்கு பேர் தரையில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தனர். ஒரே நேரத்தில் நான்கு ஊசிகள் ஏறின. ஒரே நேரத்தில் நான்கு நூல்கள் சீறின. வேறு சத்தம் இல்லை. அவர்கள் வரிசையில் இரண்டு இடங்கள் காலி. ஒன்றில் வெறும் கோணி கிடந்தது. மற்றதில் கோணியின் மேல் ஒரு முழ நூல் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. எழுந்து போகிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த நால்வரில் ஒருவரான மேஸ்திரி அறுபதை நெருங்கியவர், குறைவாகப் பேசுபவர். அவர் எனக்கு விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். கித்தான் தைக்கும் நூலுக்குத் தேன்மெழுகு ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் உப்புத்தண்ணீர் அதை அரிக்காது, முடிச்சு நழுவாது. ஒவ்வொருவருக்கும் தேங்காய் மூடியளவு மெழுகுக் கட்டி ஒன்று உண்டு. வலக்கைக்காரர் கட்டியை இடக்கையில் பிடித்து, நூலை வலக்கை ஆள்காட்டி விரலில் சுற்றி, மெழுகின் விளிம்பில் அழுத்தி இழுப்பார். நூல் அறுத்த கோடுகள் கட்டியில் சாய்வாக விழும். விரலிலும் ஒரு தழும்பு விழும். கட்டை விரல் அழுந்திய இடத்தில் குழி உண்டாகும். கோடும் குழியும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் மெழுகை மற்றவர் தொடுவதில்லை. வேலை முடிந்ததும் சுவரிலுள்ள தத்தம் மாடத்தில் வைத்துவிடுவார்கள். தொடாமல் கிடந்தால், குளிர் மாதத்தில் அதன் மேல் சாம்பல் பூத்ததுபோல் ஒரு வெண்மை படரும். அதைத்தான் பூப்பது என்கிறார்கள். மெழுகு பூத்தால் அதற்குரியவர் இனி வரமாட்டார் என்று அர்த்தம். அப்போது உறவினர் ஒருவர் வந்து தம் கையால் அதை இறக்கித் தரவேண்டும். அதை உருக்கி, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தம் கட்டியோடு பிசைந்துகொள்வார்கள். அந்தக் கொட்டகையில் ஒருவருக்குச் செய்யும் கடைசிக் காரியம் அதுவே.

"ஒம் தம்பிது பூக்கலம்மா" என்றார் மேஸ்திரி. "சாயங்காலம் நூலு வெச்சிட்டுப் போறோம். காலைல வந்து பாத்தா மொழுவு ஏறி கீது. எட்டு வருசமா."

மாடத்தின் அருகே போனேன். என் தம்பி இடக்கைக்காரன். சிறுவனாக அவன் சிலேட்டில் இடக்கையால் எழுதியதற்காக அப்பா அந்தக் கையைத் துண்டால் முதுகோடு கட்டி வைத்திருக்கிறார். நான் அவிழ்த்து விட்டிருக்கிறேன். மாடங்களில் இருந்த மற்ற கட்டிகளில் கோடுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இவனுடையதில் மட்டும் எதிர்ப்பக்கம். அந்தக் கோடுகளுள் ஒன்று புதியது. மஞ்சளாகப் பளபளத்தது. அதன் விளிம்பில் நூலின் பிசிர்கூட ஒட்டியிருந்தது.

அந்த நிமிடம் அவன் வந்துபோவதை நான் நம்பினேன். அவன் அங்கே இருந்தான் என்றே எழுதலாம்.

ஆனால் கட்டை விரலைக் குழியில் வைத்துப் பார்த்தேன். தணிகாசலத்தின் கைகள் என் கைகளைப்போலச் சிறியவை. என் மோதிரம் அவன் விரலுக்குச் சரியாக இருக்கும். அந்தக் குழியிலோ என் விரல் நாலாபக்கமும் ஆடியது. அவ்வளவு அகலம், வடிவமே இல்லாத அகலம். எந்த மனிதரின் விரலும் அதில் பொருந்தாது என்று தோன்றியதும் விரலை எடுத்துக்கொண்டேன்.

தம்பியை யார் கடைசியாகப் பார்த்தது என்று கேட்டேன். அவனுக்குப் பக்கத்தில் உட்காருகிற கன்னியப்பன் என்றார் மேஸ்திரி. வெறும் கோணி கிடந்த இடம் அவருடையது. காலில் மீன்முள் ஏறி வீங்கி, எண்ணூரைத் தாண்டி முகத்துவாரக்குப்பத்திலுள்ள தம் வீட்டில் படுத்திருக்கிறாராம்.

அன்று மாலை கடற்கரைப் பக்கம் நடந்தேன். பார்த்த இடமெல்லாம் மெழுகாகவே இருந்தது. மாதா கோவில் வாசலில் மெழுகுவத்தி விற்றார்கள். தச்சர் ஒருவர் இழுப்பறையின் ஓரத்தில் மெழுகு தேய்த்து அதை ஓசையின்றி மூடினார். முற்காலத்து ரோமானியர் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதினார்கள் என்றும், அழிக்க வேண்டுமானால் சூடு காட்டினால் போதும் என்றும் வகுப்பில் நான் சொல்வதுண்டு. மாடத்தில் இருந்ததும் அப்படி ஒரு பலகையே. யாரோ தினமும் அதில் என் தம்பியின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் எண்ணூருக்கு ரயில். திருவொற்றியூரில் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு ஒன்றரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். எதிர்ப் பலகையில் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டது எனக்கு ஓரளவு புரிந்தது. முகத்துவாரம் இந்த வருடம் தெற்கே நகர்ந்துவிட்டது என்றாள் ஒருத்தி. போன வருடம் நடந்து போன இடத்தில் இப்போது ஆள் மூழ்கும் என்றாள். தண்ணீர் நடக்கிறது, நாம்தான் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்று மற்றவள் சிரித்தாள்.

எண்ணூரில் இறங்கி ஜட்காவில் பாதி தூரம். மணலில் குதிரை மறுத்துவிட்டதால் மீதியை நடந்தேன். உச்சி வெயில். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். இரண்டும் ஒரே வெண்மை. என் நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிட்டது. மனிதக் குரலே கேட்கவில்லை. தூரத்தில் கழியும் கடலும் சேருமிடத்தில் மட்டும் தண்ணீர் பழுப்பாக, அவசரமே இல்லாமல், சுழன்றுகொண்டிருந்தது.

கன்னியப்பன் குடிசை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் எழப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தார். அவர் மனைவி கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து, நான் சாப்பிடும்வரை எதிரே நின்றார். கன்னியப்பன் வலக்கையால்தான் கஞ்சிக் கலயத்தை நகர்த்தினார். வலக்கையால்தான் ஈயை ஓட்டினார். இடக்கையை வேட்டி மடிப்பில் வைத்திருந்தார். நாய் ஒன்று கருவாட்டை முகர வந்தபோது அந்தக் கை வெளியே வந்தது. அதன் ஆள்காட்டி விரலில், இரண்டாம் கணுவில், நூல் அறுத்த தழும்பு ஆழமாக இருந்தது.

"இந்தக் கையால் எதற்கு இழுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கலயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே காலி பண்ணிகினு ஓடிச்சும்மா" என்று ஆரம்பித்தார். "எனுக்கு வூடு இங்க. தணிகாவ நாந்தான் கூட்டியாந்தேன். ரோட்டு வழியாப் போலாம்னான். நாந்தான் படகுல பூடலாம்னேன்."

கூரைக்கு ஆகுமென்று ஒரு கித்தான் சுருளையும் எடுத்துக்கொண்டார்கள். அலையில் நழுவாமலிருக்க அதைத் தணிகாசலத்தின் தோளோடு சேர்த்துக் கட்டியவர் கன்னியப்பன். முகத்துவாரத்தில் படகு புரண்டது. மீனவர் மகனான கன்னியப்பன் நீந்தினார். தணிகாசலத்துக்குத் தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாது.

"கித்தான் தண்ணி குடிச்சா கல்லும்மா. முடிச்ச அவுறா அவுறான்னு கத்துனேன். அவன் பீச்சாங்கையால அவுத்துகினே போனான். நா போட்ட முடிச்சு சோத்தாங்கை முடிச்சு. அந்தக் கைக்கு அது வராது." பிறகு சொன்னார்: "மொழுவு ஏத்துன நூலு. நல்லா இறுக்கிப் போட்டிருந்தேன்."

உடல் கிடைக்கவில்லை. கொட்டகையில் விசாரித்தபோது, தணிகாசலம் கூட்டத்தோடு ரோட்டு வழியாகப் போனான் என்று சொல்லிவிட்டார். ஊர் திரும்பியது, அவன் திரும்பவில்லை. அடுத்த தை மாதம் மெழுகு பூக்கத் தொடங்கியதை முதலில் பார்த்தவர் இவர். பூத்தால் கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வருவதற்கு முன் போய், கட்டியை வலக்கையில் பிடித்து, இடக்கையால் நூலை இழுத்து வைத்தார். முதல் வருடம் விரல் அழுகிப் பிழைத்ததாம். பிறகு பழகிவிட்டது.

நான் அழவில்லை. பொழுதெல்லாம் நடந்து வந்து ஓரிடத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. நேற்றுக் காலை அந்த மெழுகில் புதுக்கோடு இருந்தது என்றேன்.

கன்னியப்பன் முகம் மாறியது. "நா இங்க வந்து படுத்து இருவது நாளு ஆவுதும்மா" என்றார் மெதுவாக. பிறகு தம் விரலைப் பார்த்தார். பிறகு, பழுப்பாகச் சுழலும் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 

புறப்படும்போது, நாளை மெழுகை இறக்கப் போகிறேன் என்று சொன்னேன். நடந்ததை நான் கொட்டகையில் சொல்லமாட்டேன். சொல்வதானால் அவர்தான் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன்.

நான்காம் நாள் காலை, தம் மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன் வந்தார். அவருக்குரிய கோணியில் உட்காரவில்லை. நின்றபடியே, "தணிகா ரோட்டு வழியாப் போவல. முகத்துவாரத்துல போனான். முடிச்சு நா போட்டது" என்றார். அவ்வளவுதான். நான்கு ஊசிகளும் நின்றன. தொங்கும் கித்தான்கள் மட்டும் மூச்சு விட்டன. யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மாடத்திலிருந்து மெழுகை இறக்கினேன். அன்று காலையும் அதில் புதுக்கோடு ஒன்று இருந்தது. அது என் கையில் வெதுவெதுப்பாக இருந்ததாக நினைவு. தை மாதக் காலையில் அப்படி இருக்கக் காரணமில்லை.

கரி அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்தார்கள். கட்டியின் விளிம்பு முதலில் வியர்த்தது. பிறகு கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்தன. அந்த அகன்ற குழி நிரம்பி, தட்டையாகி, இல்லாமற்போனது. கோவிலும் மழையும் கலந்ததுபோல் ஒரு வாசனை எழுந்தது. சட்டியின் அடியில் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. மேஸ்திரி குச்சியால் எடுத்தார்: ஓர் ஊசி. துரு ஏறாமலிருக்க ஊசியை மெழுகில் குத்தி வைப்பது இவர்கள் பழக்கம். தணிகாசலம் குத்தி வைத்த ஊசி, எட்டு வருடமும் உள்ளேயே இருந்து, நேற்று வாங்கியதுபோல் வெளியே வந்தது. அதைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

மெழுகைத் தண்ணீரில் ஊற்றி, இளகிய பதத்தில் துண்டுகளாக்கினார். முதல் துண்டை நீட்டினார்.

"மொத பங்கு ஒன்னுது, கன்னியப்பா. புடி."

கன்னியப்பன் இடக்கையை நீட்டினார். அது அவருக்குப் பழகிவிட்டது. அடுத்து மற்ற மூவரும் வந்தனர். செத்தவர் இடக்கைக்காரர் என்பதாலோ என்னவோ, அவர்களும் இடக்கையையே நீட்டினார்கள். கடைசியாக மேஸ்திரி தம் பங்கை எடுத்துக்கொண்டார். எல்லோர் கண்களும் சட்டியில் இருந்தன. என் கண்கள் மட்டும் அந்தக் கைகளில் இருந்தன.

ஐந்து இடக்கைகள். ஐந்திலும், ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவில், நூல் அறுத்த தழும்பு. கன்னியப்பனுடையது ஆழம், மற்றவை மெல்லியவை. ஒன்றில் ரத்தம் காயவே இல்லை. அது மேஸ்திரியின் கை.

மெழுகு மங்கத் தொடங்கிய காலைகளில், இன்று அவனால் வர முடியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொருவரும் தனித்தனியே, மற்றவர் அறியாமல், அவனுக்குப் பதிலாக இழுத்து வைத்திருக்கிறார்கள். கன்னியப்பன் படுத்திருந்த இருபது நாளும் அப்படித்தான் நடந்திருக்கிறது. மற்ற நாட்களிலெல்லாம் அவனே வந்து இழுத்ததாக ஐந்தில் நான்கு பேர் நம்பியிருக்கிறார்கள். எந்த விரலுக்கும் பொருந்தாத அந்தக் குழி எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியது.  அவர்கள் தம் கட்டிகளோடு அந்த மெழுகைப் பிசைந்தார்கள். வெகு நேரம் பிசைந்தார்கள்.

பாப்பம்மா வழியனுப்பும்போது, அந்த ஆள் இனி வேலைக்கு வரமாட்டாரா என்று கேட்டார். மாட்டார் என்றேன். "பாவம், ஓஞ்சாரு" என்றார்.

பினாங்கு சேர்ந்த அன்றே மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகைச் சொன்னேன், முடிச்சைச் சொன்னேன், கைகளைச் சொன்னேன். ஊசியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். தையல் இயந்திரத்தின் மேல் தலை சாய்த்து நெடுநேரம் அழுதாள். நிமிர்ந்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கன்னியப்பன்னு சொன்னீங்களே அண்ணி, அவர் தினமுமா இடது கையால இழுத்தார்?"

"தினமும்."

"ரொம்ப வலிச்சிருக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை நான் கூடத்தில் உட்கார்ந்து மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வழக்கமான நேரம் வந்தது. அவள் வரவில்லை. என்ன பதில் சொல்வதென்று கப்பலிலேயே யோசித்து வைத்திருந்தேன், அது தேவைப்படவில்லை. சிறிது நேரத்தில் அவள் துணிக்கூடையோடு என்னைக் கடந்து வாசலுக்குப் போனாள். கூந்தலில் முல்லை இருந்தது. வழக்கம்போல் விரலால் கட்டிய சரமல்ல, ஊசியில் கோத்தது. கித்தான் ஊசி முல்லைக்குப் பெரிது. மொட்டுகள் சில கிழிந்திருந்தன.